காணாதார்க்குக் கண்



விளையாட்டை ஆடுவோரைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதனை எடுத்துச் சொல்லுவோரைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன். செய்தித்தாளில் விளையாட்டுச் செய்தி எழுதுபவர் ஒருநாள் வானொலியில் பேசத் தொடங்குகிறார். பின்னர்த் தொலைக்காட்சியில் தோன்றுகிறார். இந்நாளில் ‘பாட்காஸ்ட்’ என்று வழங்கும் இணைய ஒலித்தொடரில் மணிக்கணக்காக உரையாடுகிறார். எழுதுகோல், ஒலிவாங்கி, இணையம் என்று கருவிகள் மாறிக்கொண்டே வருகின்றன. தொழிலும் மாறிவிட்டதா? இல்லை என்பதே என் கருத்து. அங்கே இல்லாத ஒருவருக்காக அங்கே இருந்து பார்ப்பதே இத்தொழில். காணாதார்க்குக் கண்ணாக இருக்கும் கடமை அது.

இக்கடமை நமக்குப் புதிதன்று. பாரதப் போரை எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற திருதராட்டிரன் அரண்மனையில் இருக்கிறான். அவனுடைய மைந்தர் நூற்றுவரும் களத்தில் நிற்கிறார்கள். வியாசர் அருளால் தொலைவிலுள்ளதைக் காணும் ஆற்றல் பெற்ற சஞ்சயன், போரில் நிகழ்வனவற்றை அவனுக்கு உரைக்கிறான். சஞ்சயன் அரசனிடம் ஊழியம் செய்தவன். அவனுடைய உப்பை உண்டவன். கேட்பவனோ மைந்தர் மீது கொண்ட பாசத்தால் அறிவு மயங்கியவன். ஆயினும், மைந்தர்கள் வீழ்ந்தபோது வீழ்ந்தார்கள் என்றே சஞ்சயன் சொன்னான். உப்பிட்டவனுக்கு அவன் காட்டிய நன்றி உண்மை உரைத்ததே ஆகும். களத்தை வருணிப்போர் அனைவரும் கருத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

இனி, வானொலியில் விளையாட்டு வருணனை பிறந்த கதைக்கு வருவோம். 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த குத்துச்சண்டைப் போட்டி ஒன்றை கே.டி.கே.ஏ. என்னும் வானொலி நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. விளையாட்டு நிகழ்ச்சி ஒன்று குரல்வழி ஒலிபரப்பானது அதுவே முதன்முறை என்பர். அன்று பேசியவர் பிளாரன்ட் கிப்சன். அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்றின் விளையாட்டு எழுத்தாளர். ஆகவே, விளையாட்டு வருணனை பிறந்த அன்றே எழுத்தாளன் ஒலிவாங்கிக்கு வந்துவிட்டான் எனலாம்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1927ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் இங்கிலாந்தும் வேல்சும் மோதிய ரக்பி ஆட்டத்தை பி.பி.சி. ஒலிபரப்பியது. பேச வந்த வேக்லம் என்பார் முன்னாள் ஆட்டக்காரர், வருணனைக்குப் புதியவர். கேட்போருக்கு விளங்கும்படி பேசுவது எவ்வாறு என்பதை அவருக்குக் கற்பிக்க வேண்டுமே! நிலையத்தார் ஒரு வழி கண்டனர். பார்வையற்ற ஒருவரை அழைத்து வந்து அருகில் அமரச் செய்து, “இவருக்கு ஆட்டத்தைச் சொல்லும்” என்றனர். களத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்றும் நிலையத்தின் வார இதழில் முன்னதாகவே வெளியாகியிருந்தது. வீட்டில் இருப்பவர் அந்தப் படத்தை மடியில் விரித்துக்கொண்டு, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிந்தனர். வருணனைக் கலையைக் கற்பிக்க அதனினும் சிறந்த முறையை நான் அறியேன். குருக்ஷேத்திரத்திலும் கேட்டவர் பார்வையற்றவர். லண்டனிலும் கேட்டவர் பார்வையற்றவர். ஒரே இலக்கணம் ஈரிடத்தும் பொருந்தியது.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த நாற்குழுக் கிரிக்கெட் போட்டியை வானொலியில் வருணித்து வழிகாட்டியவர் ஏ.எப்.எஸ். தல்யார்கான். அவர் செய்தித்தாள்களில் நெடுங்காலம் விளையாட்டுப் பத்தி எழுதியவர். காலை முதல் மாலை வரை துணைக்கு ஒருவரும் இன்றித் தாமே பேசுவது அவர் வழக்கம். பிற்காலத்தில் பலர் மாறி மாறிப் பேசும் முறையை வானொலி மேற்கொண்டபோது, ஒலிவாங்கியைப் பகிர்ந்துகொள்ள உடன்படாமல் அவர் விலகிக்கொண்டார். அவர் பிடிவாதம் சரியா தவறா என்பது வேறு. ஒரு நாள் முழுவதும் தனித்துப் பேசுவதற்கு எத்துணைச் சொல்வளமும் விளையாட்டறிவும் வேண்டும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நம் காலத்தில் இத்தொழிலின் பல துறைகளிலும் நடந்து காட்டியவர் ஹர்ஷா போக்ளே. 1961ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்த அவருடைய தந்தை பிரெஞ்சு மொழிப் பேராசிரியர், தாயும் பேராசிரியரே. பிரெஞ்சு மொழியோடு நெடிய உறவுடைய நம் காரைக்கால் மக்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும். போக்ளே பயின்றது வேதிப்பொறியியல். பின்னர் ஆமதாபாத்தில் மேலாண்மைக் கல்வி பெற்று, விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தார். பல்கலைக்கழகம் வரையில் கிரிக்கெட் ஆடினார். நாட்டுக்காக ஆடியவர் அல்லர். ஆனால், மாணவராக இருந்தபோதே, தம் 19ஆம் வயதில், ஹைதராபாத் வானொலி நிலையத்தில் வருணனை தொடங்கிவிட்டார்.

பேச்சோடு எழுத்தையும் அவர் விடவில்லை. 1988ஆம் ஆண்டு ஆங்கில விளையாட்டு இதழ் ஒன்றில், பம்பாய்ப் பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அச்சிறுவனுக்கு அப்போது வயது 15. பெயர் சச்சின் டெண்டுல்கர். அடுத்த ஆண்டே அச்சிறுவன் இந்தியாவுக்காக ஆடினான். புகழ் வந்தபின் பாராட்டுவது எவர்க்கும் எளிது. புகழ் வருமுன் போய்ப் பார்ப்பதே செய்தியாளன் கடமை. 1991–92இல் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது, அந்நாட்டு வானொலி போக்ளேயை வருணனைக்கு அழைத்தது. அவ்வாறு அழைக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. 1994இல் அசாருதீனின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். 1995 முதல் தொலைக்காட்சி அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பின்னர் இணையத்தின் வழியாகவும் பேசலானார்.

நூறு பன்னாட்டுப் போட்டிகள் ஆடிய வீரர்களுக்கு நடுவே, ஒன்றும் ஆடாத ஒருவர் எவ்வாறு நிலைத்து நின்றார்? உழைப்பால் நின்றார். வீரன் தன் அனுபவத்திலிருந்து பேசலாம். ஆடாதவன் கற்று வந்துதான் பேச வேண்டும். வீரனுக்குத் தெரிந்ததை அவனிடம் கேட்டு வாங்கிக் கேட்போருக்குக் கொடுப்பதும் அவன் வேலை. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு இத்தொழிலில் என்றும் இடம் உண்டு. களத்தில் ஆட இயலவில்லையே என்று ஏங்கும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்க.

செய்தித்தாளில் தொடங்கிக் குரலுக்கு வந்த மற்றொருவரையும் சொல்லலாம். ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் கிரிக்கெட் செய்தி எழுதிவந்த பரத் சுந்தரேசன், 2018ஆம் ஆண்டு தோனியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிகம் பேசாத தோனியை, அவரை நன்கறிந்த நண்பர்களின் வாய்மொழியால் அறிய முயன்ற நூல் அது. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியேறி, அந்நாட்டு வானொலியிலும் ஒலித்தொடர்களிலும் கிரிக்கெட் பேசலானார். பலரிடம் சென்று கேட்டு, ஒத்துப் பார்த்து எழுதிய பழக்கமே அவருக்கு முதலாக அமைந்தது.

எழுதுவதற்கும் பேசுவதற்கும் வேறுபாடு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. எழுதுபவன் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போடலாம். வாய்விட்ட சொல்லை மீட்க முடியாது. படிப்பவர் விட்ட வரியைத் திரும்பப் படிப்பார். வானொலி கேட்பவருக்கு அது இயலாது. அவர் எந்த நேரத்திலும் வருவார். வந்தவுடன் ஆட்டநிலை என்ன என்றே அறிய விரும்புவார். ரெட் பார்பர் என்னும் அமெரிக்கப் பேஸ்பால் வருணனையாளர், முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றைத் தம் முன்னால் வைத்திருப்பார். மணல் வடிந்ததும் ஆட்டநிலையைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். தம் சொல்லழகில் தாமே மயங்கிக் கேட்பவரை மறந்துவிடாமல் இருக்க அவர் தமக்கு இட்டுக்கொண்ட கடிவாளம் அது.

மொழியின் பொறுப்பும் இங்கே பெரிது. சென்னை வானொலியில் கூத்தபிரான், அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி முதலியோர் தமிழில் கிரிக்கெட் வருணனை செய்தபோது, இந்த ஆட்டத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயத்தைப் போக்கினர். பந்து வீச்சாளர், மட்டையாளர், எல்லைக்கோடு, ஓட்டம் என்னும் சொற்கள் அகராதியில் இருந்தால் மட்டும் போதா. பந்து ஓடும் விரைவிலே அவை நாவில் வர வேண்டும். கேட்கும் உழவருக்கும் மாணவருக்கும் ஒருங்கே விளங்க வேண்டும். சொல்வன்மை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அரசவைக்கு அவர் வேண்டிய அந்த ஆற்றல் ஆடுகளத்துக்கும் வேண்டுவதே.

சான்றாக நின்று சொல்லுபவனின் மதிப்பை விளக்க ஒரு நிகழ்ச்சி கூறுகிறேன். 1983ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் சிற்றூரில், உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் ஜிம்பாப்வேயும் ஆடின. இந்தியா 17 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அந்த நிலையில் ஆடிய கபில்தேவ், ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா வென்றது, ஒரு வாரத்தில் கோப்பையையும் வென்றது. அந்த 175 ஓட்டங்களில் ஒன்றைக்கூட இன்று நாம் திரையில் காண முடியாது. அன்றைய ஆட்டத்தைத் தொலைக்காட்சி படம்பிடிக்கவில்லை. ஆட்டக்குறிப்பேடும், அங்கே இருந்தோர் எழுதியதும் சொன்னதுமே நமக்கு எஞ்சியவை. அவர்கள் ஒன்றைக் கூட்டியிருந்தாலோ குறைத்திருந்தாலோ, நம் நாட்டு விளையாட்டு வரலாற்றின் ஒரு பக்கமே பொய்யாகியிருக்கும்.

பொய் சொல்லும் ஆசை இத்தொழிலில் எப்போதும் அருகிலேயே நிற்கும். அமெரிக்க அதிபராக 1981 முதல் 1989 வரை இருந்த ரொனால்டு ரீகன், இளமையில் வானொலி வருணனையாளர். தொலைவிலுள்ள ஊரில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்தின் செய்தி தந்திவழி வரும். அதனை வைத்து, நேரில் காண்பவர்போல் நிலையத்திலிருந்தே பேசுவார். ஒருநாள் இடையிலே தந்தி நின்றுவிட்டது. ஒலிபரப்பை நிறுத்த மனமின்றி, மட்டையாளர் பந்தைக் களத்துக்கு வெளியே மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டிருப்பதாக அவரே கற்பனை செய்து சில நிமிடங்களைக் கடத்தினார். பிற்காலத்தில் இக்கதையை அவரே நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. நாமும் நகைக்கலாம். ஆயினும் ஒன்றை நினையுங்கள். கேட்டவர் அனைவரும் அந்த அடிகளை நம்பினர். நடவாத ஒன்றை அவர்கள் கண்டனர். கேட்பவருக்குச் சரிபார்க்க வழியில்லை என்பதனாலேயே சொல்பவரின் பொறுப்பு கூடுகிறது.

மற்றோர் இடர் ஊதியத்தால் வருவது. ஆட்டத்தை நடத்துவோரே வருணனையாளருக்கும் ஊதியம் தருவாராயின், ஆட்டத்தின் குறைகளை அவர் எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? 2016ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கும் தறுவாயில் போக்ளே வருணனைக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்று அவரே எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, இந்திய வருணனையாளர்கள் நம் வீரர்களைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டும் என்று புகழ்பெற்ற நடிகர் ஒருவர் பொதுவெளியில் குறை கூறியிருந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் முடிவு கட்டுவதற்கில்லை. அடுத்த ஆண்டு போக்ளே மீண்டும் அழைக்கப்பட்டார். ஆயினும் கேள்வி நிற்கிறது. எதிரணி வீரன் அழகாக ஆடும்போது அதனை அழகு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? இல்லை எனில், நாம் வருணனையாளரைத் தேடவில்லை; துதிபாடியைத் தேடுகிறோம். சஞ்சயன் வாயில் கௌரவர் வெற்றியை மட்டும் கேட்க விரும்பிய திருதராட்டிரனின் மனநிலை அது.

இனி ஒலித்தொடருக்கு வருவோம். பாட்காஸ்ட் என்னும் சொல் 2004ஆம் ஆண்டு ஆங்கில நாளிதழ் ஒன்றின் கட்டுரையில் முதலில் தோன்றியது. ஐபாட் என்னும் கையடக்க இசைக்கருவியின் பெயரையும், ஒலிபரப்பு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அதனை ஆக்கினர். நேரத்துக்குக் காத்திராமல், வேண்டியபோது கேட்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். பேருந்தில் செல்லும் மாணவனும், வலை பின்னும் தொழிலாளியும் காதிலே கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பந்துக்குப் பந்து பேசும் வருணனையில் ஓட்டமும் விரைவும் மிகுதி; ஒலித்தொடரில் ஓர்ந்து பேச இடமுண்டு. நேற்றைய ஆட்டம் ஏன் அவ்வாறு முடிந்தது என்பதை ஒரு மணிநேரம் ஆராயலாம்.

தமிழில் இதற்கு நல்ல சான்று சுழற்பந்து வீரர் அசுவின். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் வீழ்த்தி, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலம் முதல் இணையத்தின் வழியாகச் சென்னைத் தமிழில் கிரிக்கெட் நுட்பங்களைப் பேசிவருகிறார். ஆடுகளத்தின் தன்மை, மட்டையாளர் மனம், களத்தடுப்பு அமைப்பின் காரணம் ஆகியவற்றை ஆடியவர் வாயாலேயே தமிழில் கேட்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

இக்கருவியின் பெருமையும் இடரும் ஒன்றே: இதற்கு வாயிற்காவலர் இல்லை. செய்தித்தாளில் ஆசிரியர் இருந்தார். பிழை கண்டால் தாளைத் திருப்பி எறிவார். வானொலியில் குரல் தேர்வு இருந்தது. நிலைய அலுவலர் உரையை முன்கூட்டியே படித்துப் பார்ப்பார். ஒலித்தொடருக்கு இவை ஒன்றும் இல்லை. கைப்பேசி ஒன்று இருந்தால் போதும்; நீங்களும் இன்றே தொடங்கலாம். வறிய வீட்டுப் பிள்ளைக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கும் இது பெரும் வாய்ப்பு. அதே வேளையில், ஆட்டத்தைப் பாராமலே தீர்ப்புக் கூறுவோர்க்கும், ஒரு வீரனை ஏசியே கூட்டம் சேர்ப்போர்க்கும், சூதாட்ட விளம்பரத்துக்குத் தம் குரலை விற்போர்க்கும் இதே வாயில் திறந்திருக்கிறது. காவலர் இல்லாத வாயிலில் காவலனும் நாமே ஆக வேண்டும்.

கருக்களாச்சேரியில் வாழும் நான் இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் கடலோர மக்களுக்குக் குரலின் அருமை தெரியும். புயல்சின்னம் தோன்றியது, காற்று வலுக்கிறது, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானொலியில் ஒரு குரல் சொல்லும்போது, சொல்பவரின் முகத்தை நாம் அறியோம். ஆயினும் அச்சொல்லை நம்பிப் படகைக் கரையேற்றுகிறோம். அந்தக் குரல் ஒருமுறை சுவைக்காகக் கூட்டிச் சொன்னால், மறுமுறை உண்மையைச் சொல்லும்போது யார் கேட்பார்? விளையாட்டுச் செய்தியில் உயிர் போகாது என்பது உண்மையே. எனினும், நம்பிக்கை என்பது எல்லாச் செய்திக்கும் பொதுவான ஒரே முதல். சிறு செய்தியில் அதனை இழந்தவன் பெருஞ்செய்தியில் அதனைத் திரும்பப் பெறான்.

இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கூறுகிறேன். பெரிய அரங்கைத் தேடிப் போக வேண்டா. மாலையில் நம் கரையில் சடுகுடு ஆடுகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள். ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை பாருங்கள். ஆடுவோர் பெயர், புள்ளிகள், காற்றின் திசை, மணலின் ஈரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து இருநூறு சொற்களில் அதனைச் செய்தியாக்குங்கள். மிகையான சொற்களை அடியுங்கள். மறுநாள் ஒரு நண்பனைக் களத்துக்கு முதுகு காட்டிக் கண்மூடி அமரச் செய்து, நடக்கும் ஆட்டத்தைப் பத்து நிமிடம் அவனுக்குச் சொல்லுங்கள். பின்னர் அவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆட்டநிலை என்ன? யார் நன்றாக ஆடினார்? எந்த அணி உன்னுடைய அணி என்று என் பேச்சிலிருந்து தெரிந்ததா? முதல் இரண்டுக்கும் அவன் சரியாக விடை கூறி, மூன்றாவதற்குத் தெரியவில்லை என்பானாயின், நீங்கள் இத்தொழிலின் முதற்படியில் ஏறிவிட்டீர்கள்.

நாளை வேறு கருவிகள் வரும். அவற்றின் பெயரை நாம் இன்று அறியோம். எது வந்தாலும், காண இயலாத ஒருவர் உங்கள் சொல்லை நம்பி ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். அவருக்காகக் கூர்ந்து பாருங்கள், கண்டதைச் சொல்லுங்கள், காணாததைச் சொல்லாதிருங்கள்.